ஒன்பதாம் மெய்ப்பாடு: வில்லியே லே பெல் துண்டுச் சுவடி பற்றிய ஓர் ஆய்வு

இக்கட்டுரைக்கு மூலச் சுவடி ஒரு மளிகைக்கடைப் பற்றுச்சீட்டு. நீளம் ஒரு சாண், அகலம் நாலு விரற்கடை. முன்பக்கத்தில் முருங்கைக்காய், இடியப்ப மா, உறைந்த பாரை, ஒரு பக்கற் அப்பளம் ஆகியவற்றின் விலைகள் இருந்தன. சூட்டில் அச்சாகும் தாள் என்பதால் இரண்டு வருடத்துக்குள் அவை தாமாகவே வெளிறி மறைந்துவிட்டன. பின்பக்கத்தில் நீலப் பேனையால் எழுதிய ஐந்து வரிகள் மட்டும் எஞ்சியுள்ளன. காலம் 2023 யூலை 5, புதன்கிழமை பின்னேரம். எழுதியவர் இக்கட்டுரையாளர். எழுதச் சொன்னவர் ஒருவருமில்லை.

அன்றுதான் பரிஸ் சென் ஜெர்மன் (பே.எஸ்.ஜே.) கழகம் லூயிஸ் என்ரிக்கே என்ற ஸ்பானியரைத் தனது புதிய பயிற்றுவிப்பாளராக அறிவித்தது. கடையில் நின்ற சனம் கைத்தொலைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு ஆரூடம் சொன்னது. அறிவுலகத்துக்கு என்றைக்காவது உதவும் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன். நான்கு வரிகள் தெளிவாக உள்ளன. ஐந்தாவது வரி மீன் ஈரம் பட்டுச் சிதைந்தது என்று கொள்க.

ஆய்வுக்களம் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். ‘வில்லியே லே பெல்’ என்று பெயர்ப்பலகை தொங்கும் ரயில் நிலையம் வில்லியே லே பெல்லில் இல்லை. அது பக்கத்து ஊரான ஆர்னூவீலில் இருக்கிறது. அங்கே இறங்கி பஸ் எடுத்துத்தான் எங்கள் ஊருக்கு வரவேண்டும். ‘லாச்சப்பல்’ என்று எங்கள் சனம் சொல்லும் கடைத்தெருவின் பெரும்பகுதியும் அப்படித்தான்: கடைகள் பத்தாம் வட்டாரத்தில், கார் து நோருக்குப் பக்கத்தில், றூ து ஃபோபூர் சென் தெனியிலும் றூ காயிலும் இருக்கின்றன, லா ஷப்பெல் என்ற பழைய ஊரோ அதற்கு வடக்கே, பதினெட்டாம் வட்டாரத்தில். பரிஸ் சென் ஜெர்மன் விளையாடும் பார்க் தே பிறான்ஸ், இளவரசர்கள் வேட்டையாடித் திரிந்த காட்டின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இப்போது அங்கே வேட்டையாடப்படுவது பயிற்றுவிப்பாளர்கள். பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் குடியிருப்பது இப்பகுதியின் இயல்பு என்பதை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த மைதானம் நகரின் தென்மேற்கு மூலையில். நாங்கள் வடக்கே, நகருக்கு வெளியே, 95ஆம் மாவட்டத்தில். ஸ்ராட் து பிறான்ஸ் அரங்கு எங்களுக்கு ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் நாலாவது நிறுத்தம்தான், ஆனால் அது பே.எஸ்.ஜே.யின் வீடு கிடையாது. ஆகவே எங்கள் ஊர்ப் பற்றாளரின் காதல் பெரும்பாலும் காணாக் காதல். கடை முதலாளி இருபது வருடமாகப் பே.எஸ்.ஜே. ஆள், மைதானத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. “அங்க போனா றிப்பிளே வராது தம்பி” என்பது அவர் சொல்லும் காரணம்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர் ‘அந்ரெனர்’ என்பார்கள், ஆங்கிலேயர் ‘மனேஜர்’ என்பார்கள். ‘முகாமையாளர்’ என்று நாங்கள் எழுதினால் வங்கியில் கடன் கேட்கப் போன ஞாபகம் வரும். எண்பதைக் கடந்தவர்களுக்கு ‘மனேச்சர்’ என்றால் பள்ளிக்கூட மனேச்சர். 1960இல் இலங்கை அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரைக்கும் வாத்திமாரை வைப்பதும் நிற்பாட்டுவதும் அவர் கையில் இருந்தது. உதைபந்தாட்டத்தில் அப்படியொரு பதவி இருப்பதை எங்களில் பலர் பரிசுக்கு வந்துதான் அறிந்தோம். யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் நாவாந்துறை சென் மேரிஸும் குருநகர் பாடும்மீனும் மோதினால், பயிற்றுவிப்பாளர் யாரென்று பார்க்கும் சனத்துக்குத் தெரியாது. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திய அத்தனை பேரும் பயிற்றுவிப்பாளர்கள். கடலைக்காரர் உட்பட.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு கழகத்துக்குப் புதுப் பயிற்றுவிப்பாளர் வந்ததும் பற்றாளருக்கு உண்டாகும் உணர்ச்சிகளை வகைப்படுத்தப் புதிய கோட்பாடு ஒன்றும் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நந்நான்கு என்றும் சொல்லியிருக்கிறார். உவகை பிறக்கும் நான்கில் ஒன்று விளையாட்டு என்பது, அவர் லாச்சப்பல் தேத்தண்ணிக்கடையில் இருந்து எழுதினாரோ என்று ஐயுற வைக்கிறது. மருட்கை பிறக்கும் இடங்களில் புதுமையும் பெருமையும் உண்டு. 2011 முடிவில் கார்லோ அன்செலொத்தி பரிசுக்கு வந்தபோது எங்களுக்கு வந்தது அதுதான். பயிற்றுவிப்பாளராக மிலானோடு இரண்டு முறை ஐரோப்பியக் கிண்ணம் தூக்கிய மனிதர், எங்கள் நகரத்தில், மழைக்குள், குடையில்லாமல் நின்றார். நகைக்கு உதாரணம் பயிற்றுவிப்பாளர் கிறிஸ்தோஃப் கால்த்தியே. 2022 செப்ரெம்பரில், நாந்துக்குப் போக ஏன் விமானம் என்று நிருபர் ஒருவர் கேட்க, பாய் கட்டி மணலில் ஓடும் வண்டியில் போகலாமா என்று யோசிக்கிறோம் என அவர் பகிடி விட்டார்; பக்கத்தில் இருந்த வீரர் எம்பாப்பே விழுந்து விழுந்து சிரித்தார்; அடுத்த நாள் நாடே இருவரையும் பார்த்து ஏசியது. வெகுளிக்கு 2023 மே: பற்றாளர் கூட்டம் புழிவாலில் இருந்த நெய்மாரின் வீட்டு வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டது. மற்றவற்றை வாசகர் தாமே நிரப்பிக்கொள்ளலாம், இடம் போதாது.

ஒன்றை மட்டும் விடமுடியாது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் கடைசியாக ‘இறை’ வருகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், பிறகு மேலே இருக்கும் ஆள். அரசன் என்று உரைகாரர் சொல்வர். பரிசில் அதற்குப் பொருள் ‘பத்ரோன்’.

இங்கேதான் இவ்வாய்வின் மையம் இருக்கிறது. பே.எஸ்.ஜே.க்குப் புது ஆள் வரும்போது எங்கள் சனம் பார்ப்பது உதைபந்தாட்டக்காரரை என்று வெளியார் நினைக்கலாம். அவர்கள் பார்ப்பது புது செஃபை. பாதிப் பேர் உணவகங்களில் ப்ளோஞ்சில் தொடங்கியவர்கள். கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளுத்து, கொம்மி ஆகி, சிலர் அடுப்பு வரைக்கும் வந்தவர்கள். இருபது வருடத்தில் பத்து செஃப் கண்டவர்களும் உண்டு. புதிதாக வரும் செஃப் முதல்நாள் என்ன செய்வார்? உப்பு இருக்கும் இடத்தை மாற்றுவார். கத்தி தொங்கும் இடத்தை மாற்றுவார். பழையவர் எல்லாவற்றையும் பழுதாக்கி வைத்திருக்கிறார் என்பார். இரண்டு பேரை நிற்பாட்டுவார். பத்ரோன் வந்து ருசி பார்த்து, பிரமாதம் என்பார். ஆறாம் மாதம் உப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும், செஃப் இருக்கமாட்டார்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பே.எஸ்.ஜே.யின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்றும் விளங்காமல் இருக்காது. 1970இல் பிறந்த கழகம் 2011இல் கட்டார்க்காரரின் கைக்கு மாறியது. கைமாறிய கடை. அப்போது அடுப்படியில் நின்றவர் அந்துவான் கொம்புவாரே. அதே கழகத்தின் முன்னாள் வீரர். டிசெம்பரில் அணி லீக்கில் முதலாம் இடத்தில் நிற்கிறது. நத்தாரை ஒட்டி அவரை அனுப்பிவிட்டார்கள். முதலாவதாக நின்றவரை நிற்பாட்டிவிட்டு அன்செலொத்தியை எடுத்தார்கள். சீசன் முடிவில் அணி இரண்டாவது, மொன்பெலியே கிண்ணத்தைத் தூக்கியது. எங்கள் ப்ளோஞ்சுக்காரருக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. “கடை நல்லா ஓடேக்கதான் பழைய ஆளை மாத்துவாங்கள். ஓடாட்டி மாத்த ஆருக்குக் காசிருக்கு?” அன்செலொத்தி அடுத்த வருடம் லீக்கை வென்றுவிட்டு, இதைவிடப் பெரிய அடுப்பு மத்ரிட்டில் இருக்கிறது என்று போய்விட்டார்.

அவருக்குப் பிறகு வந்த லோரான் புளோன் 2016இல் இரண்டாவது அணியைவிட 31 புள்ளி கூட எடுத்தார். த்ருவாவில் ஒன்பதுக்குப் பூச்சியம் அடித்து, மார்ச் பாதியிலேயே லீக்கை முடித்தார். பெப்ரவரியில் ஒப்பந்தத்தை நீட்டியவர்கள் யூனில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லாச்சப்பலில் அன்று எழுந்த ஒரே கேள்வி, “இனி உவருக்கு சோமாஜ் (வேலையிழப்புக் காசு) எவ்வளவு வரும்?” என்பதுதான்.

இன்னொரு பக்கப் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். 2022இல் றான்ஸ் கழகம் வில் ஸ்ரில் என்ற முப்பதைத் தொட்ட இளைஞரைப் பயிற்றுவிப்பாளர் ஆக்கியது. உயர்நிலைப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் அவரிடம் அப்போது இல்லை. சட்டப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 25,000 யூரோ தண்டம். கழகம் கட்டியது. ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டிக்கொண்டு அவரையே வைத்திருந்தது. 2023 சனவரியில் அந்தப் பொடியனின் அணி பார்க் தே பிறான்ஸுக்கு வந்து, கடைசி மூச்சில் ஒரு கோல் போட்டுச் சமப்படுத்திவிட்டுப் போனது. வதிவிட அனுமதிக் காட் இல்லாமல் வேலை செய்வதென்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் காட் இல்லாத ஆளுக்காக முதலாளி தானே விரும்பித் தண்டம் கட்டினார் என்ற செய்தியைக் கடையில் ஒருவரும் நம்பவில்லை. செய்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டவேண்டி வந்தது. பிறகு ஒரு ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் பிழையான துறைக்குப் போயிட்டன்” என்றார்.

மொழியியல் சான்று இதைவிடப் பலமானது. தமிழில் சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடு இருக்கிறது, ரயிலேறி வில்லியே லே பெல்லுக்கும் வந்திருக்கிறது. அவன் தூரத்தில். இவன் கிட்ட. உவன் இரண்டுக்கும் நடுவில். அல்லது உனக்குப் பக்கத்தில், எனக்குப் பக்கத்தில் இல்லை. இலக்கணிகள் இவ்வளவோடு நிறுத்திவிட்டார்கள். பயிற்றுவிப்பாளர் மாறும் கோடைகாலத்தில் அவர்கள் இந்தக் கடைக்குள் ஒரு மணித்தியாலம் நின்றிருந்தால் மிச்சத்தையும் எழுதியிருப்பார்கள்.

பெயர் அடிபடும்போது அவர் ‘அவன்’. “அவன் வரமாட்டான், அவனுக்கு இங்கிலாந்துதான் விருப்பம்.” ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே ‘உவன்’ ஆகிவிடுவார். “உவன் என்ன செய்யப்போறான் எண்டு பாப்பம்.” உவன் என்ற சொல்லில் சந்தேகம் ஒன்று குந்தியிருக்கிறது, எங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை, வந்தாலும் எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. நாலு ஆட்டம் வென்றால் ‘இவன்’. “இவன் எங்கட ஆள், மற்றவையைப் போலயில்ல.” ஐரோப்பியக் கிண்ணத்தில் தோற்ற அன்றிரவு மறுபடி உவன். அனுப்பியதும் அவன். அனுப்பப்பட்டவர் வேறிடத்தில் போய் வென்றுவிட்டால் அவர். மரியாதைப் பன்மை தொலைவில்தான் கிடைக்கும். தொமாஸ் துஹெல் 2020 டிசெம்பரில் எங்களுக்கு உவன், அடுத்த மே மாதம் செல்சியோடு ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, “அவர் எங்களிட்டைப் படிச்சிட்டுப் போனவர்.”

துஹெல் விடயத்தில் காலக்கணிப்பு ஒன்றும் கவனத்துக்குரியது. அவரை நத்தாருக்கு முதல்நாள் நிற்பாட்டி, 2020 டிசெம்பர் 29 அன்றுதான் கழகம் முறைப்படி அறிவித்தது. அரசியலுக்கு வரவில்லை என்று ரஜினிகாந்த் அறிக்கை விட்டதும் அதே 29ஆம் திகதி. பரிசுக்கு வருவார் வருவார் என்று எத்தனையோ வருடமாக எங்கள் சனம் எதிர்பார்க்கும் ஒருவர் உண்டு: சினடின் சிதான். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நிறுவுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கொம்புவாரேயும் துஹெலும் நத்தாரை ஒட்டியே போனார்கள் என்பதிலிருந்து ‘நத்தார் விதி’ என்று ஒன்றை வகுக்கலாம். இரண்டே உதாரணத்தை வைத்து விதி வகுப்பது ஆய்வாளருக்கு அழகில்லை என்பதை நான் அறிவேன். பின்னால் இது தேவைப்படும்.

இனி, 2023 யூலையில் உணர்ச்சி ஏன் அவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதற்கு ஒரு பழைய இரவுக்குப் போகவேண்டும். 2017 மார்ச் 8, ஐரோப்பியக் கிண்ணம். முதல் ஆட்டத்தில், பெப்ரவரி 14 அன்று, பார்சலோனாவை நாலுக்குப் பூச்சியம் அடித்திருந்தோம். எங்கள் பயிற்றுவிப்பாளர் உனாய் எமெரி அப்போது ‘இவன்’. இரண்டாம் ஆட்டம் பார்சலோனாவில். இதற்குத் தரவாளர் வேறு எவருமில்லை, நானே. லாச்சப்பலில் ஒரு கடையில், மிதிவெடி றோல் ஒன்றும் ப்ளேன்ரீயும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தேன். மூன்று கோல் வாங்கினோம். பிறகு கவானி ஒன்று போட்டார். அந்தக் காலத்து விதிப்படி வெளியூரில் போட்ட அந்த ஒரு கோல் பொன். பார்சலோனாவுக்கு இன்னும் மூன்று கோல் வேண்டும். எண்பத்தைந்தாவது நிமிடத்தில் நான் எழும்பினேன். விடிய ஆறுக்கு வேலை. இனி என்ன இருக்கிறது? கடைக்காரர்கூட, “போட்டு வாங்கோ, முடிஞ்சுது” என்றார்.

கார் து நோரின் அடியில் தொலைபேசி வேலை செய்யவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு நிம்மதியாக ஆர்.ஈ.ஆரில் இருந்திருக்க முடியாது. ஸ்ராட் து பிறான்ஸில் கதவு திறந்தபோது தொலைபேசி பொக்கற்றுக்குள் துடிக்கத் தொடங்கியது. முதலாவது தகவல் மச்சானிடமிருந்து: “பாத்தியா?” இரண்டாவதும் மச்சானிடமிருந்து, அதில் எழுத்து இல்லை, அழும் முகம் ஒன்று மட்டும். எதிரில் இருந்த ஆபிரிக்க இளைஞர், கழுத்தில் பே.எஸ்.ஜே. சால்வையோடு, தன் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். எண்பத்தெட்டாவது நிமிடம் நெய்மார் (அப்போது அவர் பார்சலோனா ஆள்), பிறகு மறுபடி நெய்மார், தொண்ணூற்றைந்தில் செர்ஜி ரொபெர்த்தோ. ஆறுக்கு ஒன்று. நானும் அவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் சார்செலில் இறங்கும்போது தலையை மட்டும் ஒருக்கால் ஆட்டினார், செத்தவீட்டில் ஆட்டுவதுபோல.

அன்றிரவு பார்சலோனாவின் பக்கம் கோட்டோரம் நின்று துள்ளிய ஆள்தான் லூயிஸ் என்ரிக்கே.

சார்செல் என்றதும் இதையும் சொல்லிவிடவேண்டும். 2021இல் மொறிசியோ பொச்செத்தீனோ பயிற்றுவிப்பாளராக இருந்தபோது ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் மான்செஸ்ரர் சிற்றி எங்களை வெளியே போட்டது. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து அவர்கள் அடித்த நாலில் மூன்று றியாட் மாறெஸுடையது. மாறெஸ் சார்செலில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை. அழுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் எங்கள் ஊரில் சிலர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்கள். தொல்காப்பியர் அழுகையையும் பெருமிதத்தையும் தனித்தனியே வைத்தார். அவருக்குப் பக்கத்து ஊர் இருந்திருக்கவில்லை போலும்.

இப்போது சுவடியின் பாடம். முதல் வரி, கடை முதலாளி: “ஆறு மாதம். கூடினா ஏழு.” இரண்டாவது, துறை மாறிப்போன அதே ஐயா: “எங்களை அடிச்சவனையே சம்பளம் குடுத்துக் கூப்பிட்டிருக்கிறாங்கள். உவன் உள்ளுக்க இருந்தும் அடிப்பான்.” மூன்றாவது, ஓப்பெராப் பக்கம் ஓர் உணவகத்தில் கொம்மியாக இருக்கும் தம்பி: “எம்பாப்பே போற அண்டைக்கு உவனும் போவான்.” எம்பாப்பே ஒப்பந்தத்தை நீட்டமாட்டேன் என்று கடிதம் எழுதி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனவே இது வெறும் வாய்க்கு வந்த பேச்சில்லை, காலத்தின் பொதுக்கருத்து.

நாலாவது வரி ஓர் அன்ரியுடையது. அவவுக்கு உதைபந்தாட்டம் தெரியாது. புதினாக்கட்டு எப்போது வரும் என்று கேட்க வந்தவ. தம்பி படத்தைக் காட்ட, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சொன்னா: “உவர் சைக்கிள் ஓடுற ஆள் போல கிடக்கு. காலைப் பாக்கேல்லயே? நெடுகத் தாங்குவார்.” கவனிக்க: ‘உவர்’. அன்றைக்குக் கடையில் மரியாதை கொடுத்தது அவ ஒருவர்தான். லூயிஸ் என்ரிக்கே உண்மையில் சைக்கிள் பைத்தியம்; 2008இல் சகாராப் பாலைவனத்தில் மரதோன் தே சாப்ல ஓடி முடித்தவர். (2025 செப்ரெம்பரில் சைக்கிளால் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார் என்பது அன்ரியின் கணிப்பைக் கெடுக்காது.)

அடுத்து வந்த மாதங்களை விரிக்கத் தேவையில்லை. மனிதர் பயிற்சி நடக்கும்போது சாரம் கட்டி மேலே ஏறி நின்று பார்ப்பார் என்று செய்தி வந்தது. ஐயா: “கட்டட வேலைக்கு வந்த ஆளோ?” வெறுங்காலோடு புல்லில் நடப்பார், உடம்புக்கு நல்லதாம் என்று வந்தது. ஐயா: “எங்கட அப்பு எழுபது வரியம் வெறுங்காலோட நடந்தவர். ஒரு கப்பும் கிடைக்கேல்ல.” முதல் வருடம் அரையிறுதியில் டோர்ட்மண்டிடம் இரண்டு ஆட்டமும் ஒன்றுக்குப் பூச்சியம் தோல்வி, பந்து கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. எம்பாப்பே மத்ரிட்டுக்குப் போனார். பயிற்றுவிப்பாளர் போகவில்லை. தம்பி கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை; வேலை கூட என்றார்.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் தெர் வேல் அந்த நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்து, பயிற்றுவிப்பாளரை மாற்றுவதால் பலன் உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார். தொடர்ந்து தோற்று ஆளை மாற்றிய அணிகள் பிறகு தேறின. அதேயளவு தோற்றும் ஆளை மாற்றாத அணிகளும் அதேபோலத் தேறின. இதை நான் கடையில் விளக்கினேன். முருங்கைக்காயைத் தராசில் வைத்தபடியே முதலாளி கேட்டார்: “அப்ப மழை விட்டதுக்குக் குடைக்காரனுக்கு நன்றி சொல்லுறம் எண்டுறீர்?” பல பக்கக் கணக்கை ஒரு முருங்கைக்காய் நிறுக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி ஒன்பதாம் மெய்ப்பாடு. எட்டோடு ஒன்பதாவதாக வடமொழியார் சாந்தத்தைச் சேர்த்தார்கள். சாந்தம் எங்கள் கடையில் தேடிக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இருப்பது, “நான் அப்பவே சொன்னனான்.”

இதன் இலக்கணம் நுட்பமானது. ‘சொன்னேன்’ என்பது நடந்த செயலை மட்டும் சொல்லும். ‘சொன்னனான்’ என்பது சொன்ன ஆளாகவே இப்போதும் நிற்கும் நிலையைச் சொல்லும். வினையும் பெயரும் கலந்தது. சொன்னதற்குச் சாட்சி வேண்டியதில்லை, ஏனெனில் சாட்சி சொல்பவரின் உடம்பே: புருவம் உயரும், கை விரியும், நாடி கொஞ்சம் மேலே போகும். மற்ற எட்டும் நிகழ்ச்சி நடந்த பிறகு பிறப்பவை. இது ஒன்றுதான் நிகழ்ச்சிக்குப் பிறகு பிறந்து, நிகழ்ச்சிக்கு முன்னாலேயே பிறந்ததாகப் பதிவாகிறது. இரு திசையிலும் வேலை செய்யும். 2025 யூலை 13 அன்று உலகக் கழகக் கிண்ண இறுதியில் செல்சியிடம் மூன்றுக்குப் பூச்சியம் தோற்று, ஆட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளரின் கை எதிரணி வீரரின் முகத்தில் பட்டபோது, அதே வாய்கள், “ஆள் சூடன் எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றன. அந்த ‘அப்ப’ எப்போது? ஆறு கிழமைக்கு முன்னால் அதே வாய்கள் சொன்னது வேறு.

அதுதான் மியூனிக், ஐரோப்பியக் கிண்ண இறுதி. 2025 மே 31, சனிக்கிழமை. வழியில் அந்த வருடம் வில்லா அணியோடு பரிசுக்கு வந்தவர் பழைய எமெரி; அவரும் இப்போது எங்களுக்கு ‘அவர்’. இறுதியில் இன்ரரை ஐந்துக்குப் பூச்சியம். இறுதி ஆட்டம் ஒன்றில் அவ்வளவு பெரிய இடைவெளி அதற்குமுன் இருந்ததில்லை. கடைசிக் கோலைப் போட்டது புளோன் மெனிலில் பிறந்த பத்தொன்பது வயதுப் பெடியன், செனி மயூலு. 1993இல் மர்செய் முதல் தடவையாக இந்தக் கிண்ணத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்ததும் இதே மியூனிக்கில்தான். முப்பத்திரண்டு வருடமாக மர்செய்க்காரர் அதைச் சொல்லிக்காட்டியதை அன்றிரவு கொஞ்சம் மறந்தோம்.

மறுநாள் ஞாயிறு. சோம்ஸ் எலிசேயில் கிண்ணத்தோடு ஊர்வலம். கடைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். சனம் நெரிந்தது. ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஊர்வலத்தில் பஸ்ஸின் மேலே நின்ற பயிற்றுவிப்பாளரைச் சுட்டிக்காட்டி, “இவனைப் பற்றி நான் அப்பவே சொன்னனான்” என்றார். ஐயாவும், “ஓம், நானும் சொன்னனான். எங்களை அடிக்கத் தெரிஞ்சவனுக்கு மற்றவையை அடிக்கத் தெரியாதோ?” என்றார். தம்பி, எம்பாப்பே போனால்தான் அணி தேறும் என்று அப்பவே சொன்னதாகச் சொன்னார். அன்ரியும் நின்றா. அவவிடம் கேட்டேன். தொலைக்காட்சியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஆரது?” என்றா.

இந்த நாளுக்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். காசுப்பையில் சுவடி இருந்தது. ஒன்பதாம் மெய்ப்பாட்டை ஆதாரத்தோடு உடைக்கும் ஒரே ஆவணம். எடுத்தேன், மடிப்பு மடிப்பாக விரித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி அது, கடன் கணக்கோ?”

ஐந்தாவது வரி மீன் ஈரத்தில் சிதைந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன். ஓரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது உண்மை. வாசிக்க முடியாத அளவுக்கு இல்லை. என் கையெழுத்து, இரண்டு கோடு போட்டு அடியில்: ‘நத்தாருக்கு முன்னம் துரத்துவாங்கள். பத்து யூரோ பந்தயம்.’

துண்டை மடித்துத் திரும்பக் காசுப்பைக்குள் வைத்தேன்.

“இல்லை அண்ணை, சும்மா ஒரு பில்” என்றேன். “இவன் தாங்குவான் எண்டு நானும் அப்பவே சொன்னனான்.”